மரமும் எழுத்தும்: வட்டைப் பிரிக்கும் இரு மரபுகள்

ஒரே அளவுள்ள இரண்டு வட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் லினக்ஸ், மற்றதில் விண்டோஸ். இரண்டிலும் மூன்று மூன்று பார்ட்டிஷன்கள். லினக்ஸில் வேலை செய்பவரின் கண்ணில் அந்த மூன்று பிரிவுகளும் படுவதே இல்லை. ரூட் என்னும் ஒரே வேரிலிருந்து அடைவுகள் கிளைத்துச் செல்கின்றன. /ஹோம் எந்தப் பிரிவில் இருக்கிறது, /வார் தனியாக இருக்கிறதா என்பதெல்லாம் 'டிஎஃப்' கட்டளையைக் கேட்டால்தான் தெரியும். விண்டோஸில் வேலை செய்பவருக்கோ பிரிவுகள்தாம் முதல் காட்சி. சி, டி, இ என்று அவை வரிசையாக நிற்கின்றன. ஒரு கோப்பைச் சேமிக்கும்போதே எந்த எழுத்தின்கீழ் என்று முடிவு செய்தாக வேண்டும். மர மரபு பிரிவுகளுக்கு இடையிலான கோட்டை மறைக்கிறது. எழுத்து மரபு கோட்டையே முகவரியாக்குகிறது.

இதைத் தத்துவ வேறுபாடாகப் பேசுவது வழக்கம். ஒன்று பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் வளர்த்த ஒழுங்கு, மற்றது மேசைக் கணினிக்காரர்களின் எளிமை என்பார்கள். ஆனால் இரண்டின் தொடக்கத்தையும் அருகருகே வைத்தால் முதலில் தென்படுவது தட்டுப்பாடுதான்.

கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் பற்றி 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் தங்கள் பிடிபி-11/45 கணினியின் வட்டுகளுக்குக் கணக்குச் சொல்கிறார்கள். தலை நகராத வேகமான வட்டு ஒன்று, 1 எம்பி. கழற்றி மாட்டும் சிறு வட்டுகளுக்கான இயக்கிகள் நான்கு, ஒவ்வொன்றும் 2.5 எம்பி. பெரிய வட்டு ஒன்று, 40 எம்பி. வேகமான சிறு வட்டில் ரூட்; பயனர்களின் கோப்புகள் நிறைந்த பெரிய வட்டு, கணினி எழும்போதே மரத்தில் மவுன்ட் ஆகிவிடும் (ஓர் அடைவில் ஒட்டிக்கொள்ளும்); சிறு இயக்கிகள் நான்கும் பயனர்கள் தம் சொந்த வட்டுகளை மாட்டிக்கொள்ள. எதை எங்கே வைப்பது என்ற திட்டம் முழுவதையும் வன்பொருளின் வேகமும் கொள்ளளவும் எழுதிவிட்டன. /யூஎஸ்ஆர் என்பது முதலில் பயனர்களின் வீட்டு அடைவுகள் இருந்த இடம். முதல் வட்டில் இடம் போதாமல் போனபோது அமைப்பின் நிரல்களும் அங்கே வழிந்தன. ஒரே வகை நிரல்கள் /பின், /யூஎஸ்ஆர்/பின் என இரண்டு அடைவுகளில் பிரிந்து கிடந்ததற்கு மூலக் காரணம் இந்த வழிசல்தான்.

எழுத்து மரபின் தொடக்கமும் இதே தட்டுப்பாடுதான், இன்னும் கடுமையாக. நெகிழ்வட்டு இயக்கிகள் இரண்டு: ஏ, பி. ஒன்றில் நிரல், மற்றதில் தரவு. ஒரே ஒரு இயக்கி இருந்த கணினியிலும் விண்டோஸின் முன்னோடியான டாஸ், பி என்ற எழுத்தை விட்டுக்கொடுக்கவில்லை; அதே இயக்கியை இருமுறை எண்ணி, 'பி-க்கான வட்டைச் செருகுங்கள்' என்று கேட்டது. 1983-இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி வன்தட்டுடன் வந்தபோது மிஞ்சியிருந்த எழுத்து சி. நெகிழ்வட்டுகள் மறைந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், புதிய கணினியின் முதல் வட்டு இன்னும் மூன்றாம் எழுத்தில்தான் தொடங்குகிறது. /யூஎஸ்ஆர் எவ்வளவு பழைய தழும்போ சி-யும் அவ்வளவு பழைய தழும்பு.

இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. எழுத்து என்பது ஒரு முழு இயக்கியின் பெயர், பார்ட்டிஷன் பிற்பாடு வந்து அதற்குள் நுழைந்தது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் இந்த வழக்கத்தின் மூதாதை, ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் 1960-களில் உருவான சிபி/சிஎம்எஸ் இயங்குதளம். அங்கே ஒவ்வொரு பயனருக்கும் ஒரு மெய்நிகர் கணினி. பெரிய வட்டு ஒன்றின் துண்டுகள் 'மினிடிஸ்க்' என்ற பெயரில் அவருக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றைக் குறிக்க ஓரெழுத்துப் பெயர்கள். கேரி கில்டாலின் சிபி/எம் இயங்குதளம் வழியாக இந்த எழுத்துகள் மேசைக் கணினிக்கு வந்தபோதுதான் அவை முழு இயக்கிகளைச் சுட்டின. ஆக, எழுத்து பிறந்ததே ஒரு துண்டின் பெயராக. மரமோ முழு வட்டுகளை இணைக்கப் பிறந்தது. துண்டுகளை இணைக்கப் பிறகு பழகியது. நாம் எதிர்பார்க்கும் வரிசை இரண்டிலும் தலைகீழ்.

துண்டுபோடுவது கட்டாயமான காலமும் இருவருக்கும் உண்டு. டாஸ் 3.3 வரை ஒரு பிரிவு 32 எம்பியைத் தாண்ட முடியாது, செக்டர்களை எண்ண 16 பிட்தான் இருந்தது என்பதால். 40 எம்பி வட்டு வாங்கியவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் டி-யைப் பெற்றார். அந்த எல்லை நீங்கியபின் வேறொன்று வந்தது. டாஸின் கோப்பு முறைமையான ஃபேட் 16-இல் பிரிவு 1 ஜிபியைத் தாண்டினால், ஒரு கோப்புக்கு ஒதுக்கும் குறைந்தபட்ச இடமான கிளஸ்டர் 32 கேபி. ஒரு வரிக் கடிதமும் 32 கேபி இடத்தை விழுங்கும். அதே வட்டை 512 எம்பிக்கும் குறைவான துண்டுகளாக்கினால் 8 கேபி போதும். சென்னை ரிச்சி தெருவில் கணினி அசெம்பிள் செய்து தந்தவர்கள் சி, டி, இ, எஃப் என்று பிரித்துக் கொடுத்ததில் இந்தக் கணக்கு இருந்தது. 1996-இல் ஃபேட் 32 வந்தபின் கணக்கு பொருளிழந்தது, பழக்கம் தங்கிவிட்டது. யூனிக்ஸ் பக்கம் சிறுகோப்புகளின் தொல்லை வேறு உருவில் வந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் ஐநோடுகளின் எண்ணிக்கை, கோப்பு முறைமையை உருவாக்கும்போதே முடிவாகிவிடும். யூஸ்நெட் விவாதக் குழுக்களின் செய்திகளைப் போலச் சின்னஞ்சிறு கோப்புகள் லட்சக்கணக்கில் குவியும் இடத்தில், வட்டில் இடம் இருந்தும் ஐநோடு தீர்ந்துபோகும். அதனால் அந்த அடைவுக்குத் தனிப் பிரிவு, அதில் அதிக ஐநோடுகள். இருவரும் பிரிவின் அளவை மட்டும் முடிவு செய்யவில்லை. அதற்குள் வாழப்போகும் கோப்புகளின் உடல்வாகையும் ஊகித்தார்கள்.

கட்டாயம் நீங்கியபின் கோடு எதற்கு? இந்தக் கேள்வியில்தான் இரு மரபுகளும் உண்மையிலேயே பிரிகின்றன.

மர மரபில் கோடு ஒரு தடுப்பு. பதிவுக் கோப்புகள் இரவோடு இரவாகப் பெருகினாலும் /வார் மட்டும் நிரம்பும்; ரூட் மூச்சுத் திணறாது. யாரும் எழுதக்கூடிய /டெம்ப்பைத் தனியாக்கினால், உரிமை உயர்த்தும் நிரல்கள் அங்கிருந்து செயல்படக் கூடாது, சாதனக் கோப்புகள் அங்கே செல்லாது என்று மவுன்ட் செய்யும்போதே விதிக்கலாம். இதை யூனிக்ஸ் வழிவந்த ஓப்பன்பிஎஸ்டி அளவுக்கு ஊன்றிச் செய்பவர்கள் குறைவு. அதன் நிறுவி, போதிய இடமுள்ள வட்டில் தானாகவே பத்துப் பிரிவுகள் வரை போடுகிறது; ஒரே நினைவகப் பகுதியில் எழுதவும் இயக்கவும் விழையும் நிரல்களுக்கு /யூஎஸ்ஆர்/லோக்கல் பிரிவில் மட்டுமே விலக்கு. ஒவ்வொரு கோடும் ஒரு காவல் விதி.

எழுத்து மரபில் கோடு ஒரு நம்பிக்கை. சி-யில் விண்டோஸ், டி-யில் நம் பொருள். வைரஸ் வந்தாலோ வேகம் குறைந்தாலோ சி-யை ஃபார்மட் செய்து மீண்டும் நிறுவலாம், டி பத்திரமாக இருக்கும். அழிந்தால் திரும்பப் பெறக்கூடியதையும் பெற முடியாததையும் பிரிப்பது என்ற இந்த எண்ணம் மிகச் சரியானது. /ஹோமைத் தனியாக்குபவரும் இதே எண்ணத்தில்தான் செய்கிறார். கணிப்பொறியியல் படிக்காத கோடிக்கணக்கானோர் தாமாகவே இந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதை நான் மதிப்போடுதான் பார்க்கிறேன்.

ஆனால் எண்ணம் ஒன்றாக இருந்தும் கோடு விழுந்த இடம் வேறு. /ஹோம் என்பது பயனரின் கோப்புகளை நிரல்கள் தாமாகவே எழுதும் இடம். அங்கே கோடு போட்டவர் வேறெதுவும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. விண்டோஸ் தன் பயனரின் டெஸ்க்டாப்பையும் ஆவணங்களையும் சி-யிலுள்ள 'யூசர்ஸ்' கோப்புறையில் வைக்கிறது. டி-யை நம்பிய மனிதர் ஒவ்வொரு முறையும் கைப்பட டி-யைத் தேர்ந்தெடுத்தால்தான் அந்தக் கோடு வேலை செய்யும். டெஸ்க்டாப்பில் போட்டுவைத்த திருமணப் படங்கள் ஃபார்மட்டோடு போன கதை கணினி பழுதுபார்க்கும் கடைகளில் கேட்டுக் கேட்டுப் பழகியது. நிரலின் பழக்கத்தோடு ஒத்துப்போகும் கோடு தானே நிற்கும். மனிதரின் கவனத்தை நம்பும் கோடு அவர் அயரும் நாளில் உடையும். இரண்டில் எது மேல் என்று இந்த ஓர் இடத்தில் மட்டும் தயங்காமல் சொல்வேன்: மரம்.

ஆனால் தராசு இன்னொரு தட்டுக்கும் சாயும். மரத்தின் மறைவே அதன் ஆபத்து. காப்புப் பிரதிக்கான வட்டு /பேக்கப் என்ற அடைவில் மவுன்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் அந்த வட்டு எழவில்லை. அடைவு அங்கேயே இருக்கிறது, வெறுமையாக. காப்பு நிரல் எந்தச் சந்தேகமும் இல்லாமல் அதில் எழுதுகிறது. எழுதப்படுவது ரூட் பிரிவில். ரூட் நிரம்பி எல்லாம் நிற்கிறது. வட்டைச் சரிசெய்து மீண்டும் மவுன்ட் செய்தாலோ தவறாக எழுதப்பட்டவை அதன் அடியில் மறைந்துகொள்கின்றன. இடம் எங்கே போனது என்று அடைவுகளை எண்ணிப் பார்ப்பவருக்குக் கணக்கு ஒத்துவராது. எழுத்து மரபில் இது நடக்காது. எஃப் இல்லையென்றால் இல்லைதான். நிரல் உடனே பிழை சொல்லும். எந்தப் பொருள் எந்த வட்டில் என்பதும், கழற்றினால் எது போகும் என்பதும் முகவரியிலேயே எழுதியிருக்கிறது. அதற்கு ஈடாக எழுத்து மரபுக்கு வேறொரு தொல்லை: நேற்று எஃப் ஆக இருந்த வெளிவட்டு, இன்று பென்டிரைவ் முந்திக்கொண்டதால் ஜி ஆகிவிடும், சுட்டிகள் எல்லாம் வெறிச்சோடும்.

இந்தப் பெயர் நழுவல் எழுத்துக்கு மட்டுமே உரிய நோய் என்று எண்ணிவிடக் கூடாது. மரத்தின் அடியில் தோண்டினால் அங்கும் எழுத்துகள்! லினக்ஸ் தன் வட்டுகளில் பலவற்றை எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்றுதான் அழைக்கிறது. கண்டறியும் வரிசை மாறினால் அவையும் இடம் மாறும். பிஎஸ்டியில் ஒரு வட்டின் பிரிவுகளுக்கே ஏ, பி, சி என்று பெயர். ஏ ரூட், பி ஸ்வாப், சி என்றால் முழு வட்டும். மறுபுறம், எழுத்தின் அடியில் தோண்டினால் மரம்! டேவ் கட்லரின் குழு வடித்த விண்டோஸ் என்டியின் உட்கருவில் எல்லாப் பொருள்களுக்கும் ஒரே வேரிலிருந்து கிளைக்கும் பெயர்மரம் இருக்கிறது. சி என்பது அதில் தொங்கும் ஒரு குறியீட்டு இணைப்பு மட்டுமே. 'ஹார்டுடிஸ்க்வால்யூம்' என்ற உண்மையான சாதனத்தை அது சுட்டுகிறது. ஆக, விண்டோஸ் உள்ளே மரம், வெளியே எழுத்து. யூனிக்ஸ் வெளியே மரம், உள்ளே எழுத்து.

மேல்தளத்திலும் கடன் வாங்கல் நடந்திருக்கிறது. டாஸ் 3.1-இல் 'ஜாயின்' என்று ஒரு கட்டளை. ஓர் இயக்கியை ஓர் அடைவில் ஒட்டவைக்கும். பெயரைத் தவிர மற்றபடி அது மவுன்ட்தான். கூடவே 'சப்ஸ்ட்', அதன் எதிர்ச்செயல்: ஓர் அடைவுக்கு எழுத்துப் பெயர் சூட்டும். ஜாயின் நிலைக்கவில்லை, ஆனால் விண்டோஸ் 2000-இல் என்டிஎஃப்எஸ் கோப்புறையில் ஒரு பிரிவை மவுன்ட் செய்யும் வசதி முறையாக வந்தது. இன்றும் இருக்கிறது, ஏறிட்டுப் பார்ப்பவர் சிலரே. பெயர் நழுவலுக்கு இருவரும் கண்ட மருந்தும் ஒன்றே. எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் லினக்ஸின் எஃப்எஸ்டேப் கோப்பில் இன்று எஸ்டிஏ இருந்த இடத்தில் யுயுஐடி என்னும் நீண்ட அடையாள எண்; விண்டோஸ் தன் வால்யூம்களை உள்ளூர அடையாளம் காண்பதும் அதுபோன்ற நீண்ட எண்ணால்தான். மனிதருக்கான பெயரை மரமாகவோ எழுத்தாகவோ வைத்துக்கொண்டு, கணினிக்கான பெயரை யாராலும் நினைவில் வைக்க முடியாத எண்ணாக்கிவிட்டார்கள்.

நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படும் இடமான ஸ்வாப்பின் கதை சுருக்கமானது. யூனிக்ஸ் அதற்குத் தனிப் பிரிவு கொடுத்தது, நினைவகத்தைப் போல இருமடங்கு என்ற வாய்ப்பாட்டோடு. விண்டோஸ் என்டி அதைச் சி-யில் 'பேஜ்ஃபைல்' என்ற ஒரு கோப்பாக வைத்தது. தனிப் பிரிவுதான் முறையானது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 64 எம்பி நினைவகத்துக்கு அந்த வாய்ப்பாடு பொருந்தியது. 32 ஜிபிக்கு 64 ஜிபி ஸ்வாப் என்றால் யாரும் ஏற்க மாட்டார்கள். 2017-இல் உபுண்டு 17.04 இயல்பாகவே ஸ்வாப் கோப்புக்கு மாறியது. இந்த ஒன்றில் எழுத்து மரபு முன்னே நின்றது. மரம் பின்னால் வந்து சேர்ந்தது.

பிரிவின் அளவை முன்கூட்டி ஊகிப்பதில் இருவரும் ஒரே மாதிரி இடறியிருக்கிறார்கள். பழைய பயாஸ் 1024 சிலிண்டர்களுக்கு அப்பால் எட்டாது என்பதால் லினக்ஸ்காரர்கள் வட்டின் தொடக்கத்தில் கெர்னல்களுக்கென்று சிறிய /பூட் பிரிவு போட்டார்கள். 100 எம்பி தாராளம். பயாஸ் எல்லை போயிற்று, கெர்னல்கள் பெருத்தன, பழையவை குவிந்தன. /பூட் நிரம்பிப் புதுப்பிப்பு பாதியில் நிற்பது வழக்கமான புலம்பலாயிற்று. இன்று 1 ஜிபி கேட்கிறார்கள். விண்டோஸின் மீட்புப் பிரிவுக்கும் அச்சாக இதே விதி. 2024 ஜனவரியில் வந்த பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, மீட்புப் பிரிவில் இடம் போதாமல் பல கணினிகளில் தோற்றது. அந்தப் பிரிவை 250 எம்பி பெரிதாக்கிக்கொள்ளும்படி மைக்ரோசாஃப்ட் வழிமுறை வெளியிட்டது. பெரும்பாலான கணினிகளில் போதாமல்போன அந்தப் பழைய அளவைத் தேர்ந்தெடுத்தது விண்டோஸின் நிறுவியேதான்.

ஊகமே வேண்டாம் என்ற தீர்வும் இரு பக்கமும் வந்துவிட்டது. சன் நிறுவனத்தின் இசட்எஃப்எஸ் 2005-இல் வட்டுகளை ஒரே குளமாக்கி, கோப்பு முறைமைகள் அதிலிருந்து வேண்டியதை அள்ளிக்கொள்ள வைத்தது. விண்டோஸ் 8 'ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்' கொண்டுவந்தது. 2020-இல் வந்த ஃபெடோரா 33-இன் மேசைக் கணினிப் பதிப்புகளில் ரூட்டும் /ஹோமும் ஒரே பிட்ரிஎஃப்எஸ் பிரிவின் இரு துணைவால்யூம்கள், காலியிடம் பொது. இங்கே கவனிக்க வேண்டியது, கோடு மறையவில்லை என்பதே. ரூட்டை மட்டும் பழைய நிலைக்குத் திருப்பலாம், /ஹோமைத் தொடாமல். கோட்டின் பொருள் அப்படியே இருக்க, அதோடு ஒட்டியிருந்த அளவு மட்டும் கழன்றுவிட்டது. /யூஎஸ்ஆர் பிளவுகூட இதே காலத்தில் ஆறியது: ஃபெடோரா 2012-இல் /பின்னை அதனுடன் இணைத்தது, டெபியன் 12-இல் இணைந்த அமைப்பு மட்டுமே. எழுத்துப் பக்கம் சி மட்டும் அசையாமல் இருக்கிறது.

இரு மரபுகளும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் ஒன்றுண்டு: யுஇஎஃப்ஐ கணினிகள் எழுவதற்குத் தேவையான சிறு பிரிவு. அதன் கோப்பு முறைமை ஃபேட். 1977-இல் மார்க் மெக்டொனால்டு நெகிழ்வட்டுகளுக்காக வடித்த முறையின் நேர் வாரிசு. எழுத்து மரபின் சொந்தப் பிள்ளை. இன்றைய லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவை அதன் வழியாகத்தான் கண்விழிக்கின்றன. லினக்ஸ் அதை /பூட்/இஎஃப்ஐ என்று மரத்தில் உட்காரவைக்கிறது. விண்டோஸ் அதற்கு எழுத்தே தருவதில்லை. பிறந்த வீட்டில் பெயரில்லை, புகுந்த வீட்டில் இடம் இருக்கிறது.

ஒரே எஸ்எஸ்டியில் இரண்டு இயங்குதளங்களையும் வைப்பவருக்கு இந்த ஒப்பீடு வெறும் ஆர்வத்துக்கானது அல்ல. 500 ஜிபி வட்டு என்றால் நான் இப்படித் தொடங்குவேன். இஎஃப்ஐ பிரிவை முதலிலேயே கையால் 1 ஜிபி போட்டுவிட வேண்டும். விண்டோஸ் நிறுவியிடம் விட்டால் 100 எம்பியோடு நிறுத்திவிடும். சி-க்கு 150, லினக்ஸ் ரூட்டுக்கும் அதனுள்ளேயே /ஹோமுக்கும் 80. பொதுவான ஆவணங்களுக்கு 150 ஜிபியில் ஒரு என்டிஎஃப்எஸ் பிரிவு: விண்டோஸில் அது டி, லினக்ஸில் /டேட்டா. விண்டோஸின் ஆவணக் கோப்புறையை அதன் பண்புகளில் 'லொகேஷன்' வழியாக டி-க்கு நகர்த்திவிட்டால், மர மரபின் நல்ல குணம் எழுத்துக்கும் வந்துவிடும். நிரல்கள் தாமாகவே கோட்டின் சரியான பக்கத்தில் எழுதும். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' அணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது பாதி உறக்கத்தில் விட்டுச்செல்லும் பிரிவில் லினக்ஸ் எழுத மறுக்கும்.

மிச்சம் இருக்கும் நூற்றுச் சொச்சம் ஜிபியை யாருக்கும் ஒதுக்காமல் விட்டுவைப்பேன். பிரிவைப் பெரிதாக்குவது இரு பக்கமும் எளிது, சுருக்குவது இரு பக்கமும் கடினம். லினக்ஸில் எக்ஸ்எஃப்எஸ் பிரிவை நடைமுறையில் சுருக்க வழியில்லை. எக்ஸ்ட் 4 சுருங்க வேண்டுமானால் மவுன்ட்டிலிருந்து இறங்க வேண்டும். விண்டோஸ் நகராத கோப்பு ஒன்றில் முட்டியதும் நின்றுவிடும். அந்தக் காலியிடம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தன் வலப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் இடத்தை மட்டுமே சி-யால் விழுங்க முடியும். பல கணினிகளில் அந்த இடத்தில் மீட்புப் பிரிவு குறுக்கே உட்கார்ந்திருக்கும். ஆகவே எது வளரும் என்று தோன்றுகிறதோ அதற்கு வலப்பக்கம் ஒட்டி விட வேண்டும். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் சி-தான்.